பெண்ணையாற்றுக்கு இக்கரையும் அக்கரையும்: வேளாண் படிப்புக்கு எந்தக் கல்லூரி?

இந்த வருஷம் எங்கள் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் பிளஸ் டூ முடித்தார்கள். ஒருத்தன் என் பையன். எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். இன்னொருத்தி அக்கா மகள். அவர்கள் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், சோரியாங்குப்பம். நடுவில் தென்பெண்ணை. டிவிஎஸ் எக்ஸெல்லில் போனால் இருபது நிமிஷம். இரண்டு கரையிலும் அதே மல்லாட்டை (நிலக்கடலை), அதே கரும்பு, அதே நெல். இரண்டு பிள்ளைக்கும் பி.எஸ்சி. அக்ரி மேல்தான் ஆசை. ஆனால் ஒரு வீட்டு ரேஷன் கார்டு தமிழ்நாடு, இன்னொன்று புதுச்சேரி. அதனால் அவள் தட்ட வேண்டிய கதவு வேறு, இவன் தட்ட வேண்டிய கதவு வேறு.

எனக்கு உரம், பூச்சிமருந்துக் கடை. நானும் 90களில் அக்ரி படித்தவன்தான். சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸ் அந்தப் பட்டத்தைக் காட்டி வாங்கியது. என் காலத்துக் கல்லூரிக் கதை இன்றைக்கு ஒத்துவராது, அதை விட்டுவிடுகிறேன். மே, ஜூன் வந்தால் யூரியா கேட்டு வருகிறவர்கள் பிஓஎஸ் மிஷினில் விரலை வைத்துக்கொண்டே, "பையனை அக்ரி சேர்க்கலாம்னு இருக்கேன், எந்தக் காலேஜ் நல்லாருக்கும்?" என்று ஆரம்பிப்பார்கள். இந்த வருஷம் அதே கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்ததால், கொஞ்சம் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தேன்.

எங்கே படித்தாலும் பி.எஸ்சி. ஹானர்ஸ் அக்ரி நான்கு வருஷம், எட்டு செமஸ்டர். பாடத்திட்டம் பெரும்பாலும் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) வகுத்தது. மண்ணியல், உழவியல், பூச்சியியல், நோயியல், பயிர் இனப்பெருக்கம், விரிவாக்கம், கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்கிச் செய்யும் 'ராவே' பயிற்சி. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இதற்கு நீட் தேவையில்லை. ஆகவே 'எந்தக் கல்லூரியில் நல்ல சிலபஸ்' என்று கேட்பதில் பயன் இல்லை. எந்தக் கதவு நமக்குத் திறக்கும், உள்ளே போனால் கையில் சேறு படுமா, வெளியே வரும்போது எவ்வளவு கடன் இருக்கும், இந்த மூன்றைத்தான் பார்க்க வேண்டும்.

எந்தக் கதவு

முதலில் அக்கா மகள். புதுச்சேரி மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அரசு வேளாண் கல்லூரி என்றால் காரைக்கால்தான். செருமாவிலங்கையில் இருக்கும் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி, 1987இல் தொடங்கியது. ஆரம்பத்தில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது, இப்போது புதுவைப் பல்கலைக்கழகத்தோடு. சேர்க்கை சென்டாக் (புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழு) வழியாக. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. சென்டாக்கில் மதிப்பெண்ணுக்கு அடுத்து முக்கியமானது குடியிருப்புச் சான்று. அக்கா வீட்டுக்காரர் வேலைக்காகச் சில வருஷம் வெளியூரில் இருந்தவர். தொடர்ந்து ஐந்து வருஷம் புதுச்சேரியில் குடியிருந்ததைக் காட்ட கேஸ் புக், வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்று என்று ஒரு மஞ்சள் பை நிறையத் தூக்கிக்கொண்டு பாகூர் தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்தார். மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த பிறகு இந்த வேலையில் இறங்கினால் மூச்சு முட்டும். ஏப்ரலிலேயே முடித்துவிட வேண்டும்.

என் பையனுக்குக் கதவு கோவையில். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் விண்ணப்பம் ஒன்று போட்டால், கோயம்புத்தூர், மதுரை, கிள்ளிகுளம், திருச்சி நாவலூர் குட்டப்பட்டு, ஈச்சங்கோட்டை, குடுமியான்மலை, வாழவச்சனூர், 2021இல் வந்த கரூர், செட்டிநாடு, கீழ்வேளூர் எல்லாம் ஒரே பட்டியலில் வந்துவிடும். இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதிலேயே. சமீப வருஷங்களில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இடங்களுக்கும் இதே பொது விண்ணப்பம்தான். முன்பெல்லாம் சிதம்பரத்துக்குத் தனியாக ஒரு ஃபாரம் வாங்கி நிரப்புவோம். அந்த அலைச்சல் இப்போது இல்லை.

எல்லையோர வீடுகளில் எல்லாரும் கோட்டைவிடும் விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021இலிருந்து வேளாண் படிப்புக்கும் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே ஏற்கும். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பக்கத்திலேயே இருக்கிறது என்று பாகூர், கன்னியக்கோயில் பள்ளிகளில் பிள்ளையைப் போட்டவர்கள் இருக்கிறார்கள். பள்ளி அரசுப் பள்ளிதான், ஆனால் இந்த ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. நாலு கிலோமீட்டர் பஸ் டிக்கெட் மிச்சம் பிடித்ததில் நாலு வருஷக் கட்டணம் போய்விடும். ஆறாம் வகுப்பில் யார் இதையெல்லாம் யோசிக்கிறார்கள்?

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24இலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அக்கா மகளும் அதில்தான் படித்தாள். மாநிலப் பாடத்திட்டத்தில் 580 வாங்குகிற பிள்ளைகளோடு அவளை ஒப்பிட்டு அக்கா தினமும் கண்ணைக் கசக்கினாள். "ரேங்க் லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடி அழாதக்கா" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு கரைக்கும் பொதுவான கதவும் ஒன்று உண்டு: க்யூட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதி, ஐ.சி.ஏ.ஆர். கலந்தாய்வு வழியாக நாட்டின் எந்த மாநில வேளாண் பல்கலைக்கழகத்திலும் அகில இந்திய ஒதுக்கீட்டில் சேரலாம். ஹைதராபாத், பெங்களூரு, திருச்சூர் எல்லாம் இதில் வரும். விண்ணப்பத் தேதி பொதுத்தேர்வுப் பரபரப்பு நேரத்தில் வந்து போய்விடும். நாங்கள் தவறவிட்டோம். அடுத்த வருஷம் எழுதப்போகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் பொங்கல் முடிந்ததும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கையில் சேறு படுமா

போன மார்கழியில் என் கடைக்கு ஒரு பையன் வேலைக்கு வந்தான். ஒரு தனியார் கல்லூரியில் அக்ரி முடித்தவன். முதல் வகுப்பு. மரியாதையான பிள்ளை, கணக்கு வழக்கில் சுத்தம். ஒரு நாள் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் நாலு நெற்கதிரை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். கதிர் வெள்ளையாக நிமிர்ந்து நிற்கிறது, பால் பிடிக்கவே இல்லை. பையன் போனில் இரண்டு படம் பார்த்தான். "குலைநோய்ங்க ஐயா, ட்ரைசைக்ளசோல் அடிங்க" என்று டப்பாவை எடுத்து வைத்தான். பெரியவர் வாங்கவில்லை. ஒரு கதிரை அவன் கையில் கொடுத்தார்.

"இழுத்துப் பாரு தம்பி."

இழுத்தான். சுலபமாகக் கையோடு உருவிக்கொண்டு வந்தது. அடியில் அரித்த தடம், கொஞ்சம் பூச்சிக் கழிவு.

"நோவா இருந்தா கழுத்துல கருப்பா இருக்கும், கழுத்து ஒடியும். இது பூச்சி. இனிமே எத அடிச்சாலும் பணம்தான் தண்டம். அடுத்த போகத்துக்கு இன்னா பண்ணலாம்னு கேக்கத்தான் வந்தேன்."

குருத்துப்பூச்சி வெண்கதிர். நோயியல் புத்தகத்திலும் பூச்சியியல் புத்தகத்திலும் இது இருக்கிறது. அந்தப் பையனும் அதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறான், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். வெண்கதிர் வந்த வயலில் அவன் இறங்கி ஒரு கதிரை இழுத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலு வருஷம் பணம் கட்டியவனுக்கு ஒரு கதிரை இழுத்துக் காட்டாதவர்கள் மேல்தான் கோபம். என் பையனுக்குக் கல்லூரி தேடும்போது கண்ணெதிரே இருந்தது அந்தக் கதிர்தான்.

அதனால் கல்லூரிக்குப் போனால் நான் கட்டடத்தைப் பார்ப்பதில்லை. பண்ணை எங்கே என்று கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்துவிடுவேன். நிற்கிற பயிர் என்ன, யார் நட்டது? பயிர்ச் சாகுபடிப் பாடத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனியாகப் பாத்தி பிரித்துக் கொடுக்கிறார்களா? களை எடுப்பது மாணவரா, கூலியாளா? ஒரு செய்முறை வகுப்புக்கு எத்தனை பேர்? கிணறும் மோட்டாரும் ஓடுகின்றனவா? ஒரு தனியார் கல்லூரியில் பண்ணையைக் கேட்டதும் புரவலர் சிலை, ஆடிட்டோரியம், ஏசி கம்ப்யூட்டர் லேப் எல்லாம் சுற்றிக்காட்டிவிட்டு, கடைசியில் ஒரு முள்வேலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உள்ளே வரிசையாகப் பயிர்ப் பெயர்ப் பலகைகள். 'உளுந்து', 'எள்', 'துவரை'. பலகைக்கு அடியில் கோரை. என் பையன் மெதுவாக, "அப்பா, கோரைக்கும் ஒரு போர்டு வச்சிருக்கலாம்" என்றான்.

தனியார் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். சொந்தமாக நல்ல நிலம் வைத்து, பிள்ளைகளை விடியற்காலையில் வயலில் இறக்குகிற தனியார் கல்லூரிகளும் உண்டு. கடலூர் மாவட்டத்திலேயே திட்டக்குடிப் பக்கம் இணைப்புக் கல்லூரி இருக்கிறது. பாபுராயன்பேட்டை எஸ்.ஆர்.எம்., வேலூர் வி.ஐ.டி. மாதிரி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் அக்ரி நடத்துகின்றன. இணைப்புக் கல்லூரியில் படித்தால் வருவது கோவைப் பல்கலைக்கழகத்தின் பட்டமே. நிகர்நிலை தன் பட்டத்தைத் தானே கொடுக்கும். சேரும் முன் போய்ப் பாருங்கள், அதுவும் செமஸ்டர் நடக்கிற ஒரு வார நாளில், காலையில் சொல்லாமல் கொள்ளாமல். ஓப்பன் ஹவுஸ் நாளில் போனால் பலகைக்கு அடியில் பயிர் முளைத்திருக்கும்.

அடுத்து மண். இதை யாருமே பார்ப்பதில்லை, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. நாலு வருஷம் எந்த மண்ணில் நிற்கிறோமோ அந்த மண்ணின் கஷ்டம்தான் மனதில் பதியும்.

காரைக்கால் காவிரியின் கடைக்கோடி. மேட்டூரில் ஜூன் 12இல் திறந்தால், அரசலாற்றில் தண்ணீர் வந்து சேர்வதற்குள் மேலே எல்லாரும் குடித்து முடித்திருப்பார்கள். கடல் பக்கம், உவர்ப்பு. சம்பா, தாளடி, நெல் தரிசில் உளுந்து, பயறு. வடிகால் பிரச்சினை, உப்பு நிலம், தண்ணீர் பங்கு, இதெல்லாம் புத்தகத்தில் ஒரு அத்தியாயம். அங்கே படிக்கிற பிள்ளைக்கு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற காட்சி. பாகூர் ஏரிப் பாசனத்தில் வளர்ந்த அக்கா மகளுக்கு அது புதிதாகவும் இருக்கும், அந்நியமாகவும் இருக்காது.

சிதம்பரம் அண்ணாமலை நகரும் டெல்டாவின் வால்தான். வீராணம், கொள்ளிடம், கனமான களிமண், மழை வந்தால் வடியாத வயல். பிச்சாவரம் உப்பங்கழி பக்கத்தில். பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது, 2013இல் தமிழக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. வேளாண் புலம் பழையது, பெரியது. தோட்டக்கலையும் உண்டு, மேற்படிப்பு அங்கேயே உண்டு. அசுவினியைத் தாங்கும் 'அண்ணாமலை' கத்தரி ரகம் அங்கிருந்து வந்ததுதான். எங்கள் மாவட்டத்தில் வேளாண் துறை, வங்கி, உரக் கம்பெனி எங்கே போனாலும் அங்கே படித்த ஒருவர் இருப்பார். வேலை தேடும்போது இது லேசான விஷயம் இல்லை. பெரிய இடத்துக்கே உரிய கேள்வியைத்தான் அங்கேயும் கேட்க வேண்டும்: ஒரு செய்முறைக் குழுவில் எத்தனை பேர்? தன்னால் முன்வந்து கேட்டு வாங்கிக்கொள்கிற பிள்ளைக்குப் பெரிய இடம் சமுத்திரம். பின் பெஞ்சில் ஒளிகிற பிள்ளைக்கு நாலு வருஷமும் ஒளிய இடம் கிடைக்கும்.

வாழவச்சனூர் எங்கள் வீட்டில் யார் பட்டியலிலும் முதலில் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில், சாத்தனூர் அணைக்குக் கீழே, எங்கள் ஊருக்கு வருகிற அதே பெண்ணையாற்றின் கரையில் இருக்கிற கல்லூரி. 2014இல் தொடங்கியது. சாத்தனூரில் திறந்துவிட்டால் எங்கள் ஊரில் வெள்ளம் வரும் என்பதுதான் எங்களுக்குத் தெரியும். மேலே அதே தண்ணீரை வைத்து என்ன விளைவிக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை. செம்மண், மல்லாட்டை, கரும்பு. கடலூர்ப் பிள்ளை ஊர் திரும்பி விவசாயம் பார்க்கப்போகிறான் என்றால் கோயம்புத்தூரைவிட அந்த மண் அவனுக்கு நெருக்கம்.

கோயம்புத்தூரைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்ல? 1868இல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்த விவசாயப் பள்ளி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்குப் போய், 1971இல் பல்கலைக்கழகம் ஆனது. நூலகம், ஆய்வுக்கூடம், ஒவ்வொரு பயிருக்கும் அதை வாழ்க்கை முழுக்கப் படித்த ஒரு பேராசிரியர். மேல்படிப்பு, ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை), ஆராய்ச்சி என்று கனவு இருந்தால் அதற்கு மேல் இல்லை. அங்கே சீனியர்கள் பரீட்சைக்குத் தயாராவதைப் பார்த்தே ஜூனியர்களுக்கும் அந்தச் சூடு பிடித்துவிடும். 2021இலிருந்து தமிழ் வழியிலும் அக்ரி, தோட்டக்கலை படிக்கலாம். கேலியாகப் பேசுகிறவர்கள் பேசட்டும். குறிஞ்சிப்பாடிப் பெரியவரிடம் 'ஸ்டெம் போரர்' என்று சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனால் அகில இந்திய மேற்படிப்புத் தேர்வு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், அதற்குத் தனியாக உழைக்க வேண்டும்.

எந்தக் கல்லூரி கிடைத்தாலும் கடலூர்ப் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாதது நம் ஊரிலேயே இருக்கிறது. கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோ.சி. 671 என்ற கரும்பு ரகத்தின் பெயரில் 'கோ' கோயம்புத்தூர்; 'சி' நம் கடலூர், ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரின் முதல் எழுத்து. விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வி.ஆர்.ஐ. மல்லாட்டை ரகங்கள், முந்திரி ரகங்கள். பண்ருட்டி போகிற வழியில் பாலூர் நிலையத்திலிருந்து பலா, கத்தரி. மூன்றும் கோவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அந்தக் கரையில் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் வேளாண் அறிவியல் நிலையம். செமஸ்டர் லீவில் ஒரு வாரம் இவற்றில் ஒன்றில் நின்றால், 2011 டிசம்பர் 30இல் தானே புயல் சாய்த்துப்போட்ட முந்திரித் தோப்பை எப்படித் திரும்ப எழுப்பினார்கள் என்பதை வேலை பார்த்தவர்கள் வாயாலேயே கேட்கலாம்.

கடன்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், கசப்பு மருந்து என்பதால். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. அண்ணாமலையில் சாதாரண இடம், சுயநிதி இடம் என்று இரண்டு வகை உண்டு. பட்டியலில் விருப்பம் போடும்போது இரண்டையும் ஒன்றென்று நினைத்து டிக் அடித்துவிடாதீர்கள். தனியாரில் அரசு ஒதுக்கீடு ஒரு விலை, நிர்வாக ஒதுக்கீடு இன்னொரு விலை. எல்லா இடத்திலும் செமஸ்டர் கட்டணத்தை மட்டும் சொல்லுவார்கள். மெஸ் பில், ராவே சமயத்தில் கிராமத்தில் தங்குவது, அகில இந்தியச் சுற்றுலா, புத்தகம், லேப் கோட்டு, போக்குவரத்து எல்லாம் தனி. எட்டால் பெருக்கி வரும் தொகையோடு இதையெல்லாம் சேருங்கள்.

வங்கிக் கல்விக் கடன் 4 லட்சம் வரை நம் பங்குப் பணம் கேட்க மாட்டார்கள், ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஏழரை லட்சம் வாங்கி, வட்டி 10 சதவீதம் என்று வைத்து, 10 வருஷத்தில் அடைப்பதானால் மாதத் தவணை 9,900 ரூபாய் சொச்சம். படிக்கிற காலத்தில் ஏறுகிற வட்டி இதில் சேரவில்லை. என் கடைக்கு வந்த பையனுக்கு நான் கொடுத்த சம்பளம் 15,000. உரக் கம்பெனி, விதைக் கம்பெனிக்காரர்கள் என்னைவிடக் கூடுதலாகக் கொடுப்பார்கள், பதிலுக்கு மாதம் முழுக்க பைக்கில் ஓட வைப்பார்கள்.

அரசு வேலைக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். வேளாண்மை அலுவலர் பதவி டி.என்.பி.எஸ்.சி. வழியாக, வங்கியில் விவசாயக் கள அலுவலர் ஐ.பி.பி.எஸ். வழியாக. இரண்டிலும் தேர்வுதான் ஆளைப் பிரிக்கும், கல்லூரிப் பெயர் வாசலோடு நின்றுவிடும். ஆனால் மேற்படிப்பு, ஜே.ஆர்.எஃப். பக்கம் போகிற பிள்ளை, சேருகிற கல்லூரிக்கு ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இன்றைய தேதியில் இருக்கிறதா என்று ஐ.சி.ஏ.ஆர். இணையதளத்திலேயே பார்க்க வேண்டும். கல்லூரி பேனரில் இருப்பதை நம்பக் கூடாது. சொந்தமாகத் தொழில் என்றால் மத்திய அரசின் அக்ரி கிளினிக் திட்டம் 2002இலிருந்து இருக்கிறது: 45 நாள் பயிற்சி, தனி ஆளுக்கு 20 லட்சம் வரையான திட்டத்துக்கு வங்கிக் கடன், 36 சதவீத மானியம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44. அதற்கும் பட்டம் போதும், எந்த ஊர்ப் பட்டம் என்று கேட்க மாட்டார்கள்.

நாலு வருஷம் கட்டுப்படியாகாது என்கிறவர்களுக்கு இரண்டு வருஷ வேளாண் பட்டயப் படிப்பு இருக்கிறது. உதவி வேளாண்மை அலுவலர் வேலைக்கு அதுதான் தகுதி. ஊரில் இதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால், நிர்வாக ஒதுக்கீட்டில் கடன் வாங்கிப் போய் கோரைக்கு நடுவில் நிற்பதற்கு, அரசு நிறுவனத்தில் பட்டயம் எவ்வளவோ மேல்.

எங்கள் வீட்டுப் பட்டியல்

அக்கா மகள் விஷயத்தில் பெரிய ஒப்பீடு எதுவும் தேவைப்படவில்லை. சென்டாக்கில் காரைக்கால் முதல். அக்கா பயந்தது தூரத்துக்கு. புதுச்சேரியிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல், பெண் பிள்ளை, விடுதி. "தனியாரா இருந்தாலும் பக்கத்துல எங்கனா போட்டுடலாமேடா" என்றாள். நான் பஸ் ரூட்டைச் சொன்னேன்: காரைக்கால் போகிற வண்டி கடலூர் வழியாகத்தானே போகிறது, பஸ் நிலையத்தில் இறங்கினால் மாமா வீடு. பாதி தூரத்துக்கு நான் காவல். அந்தப் பிள்ளை வேறு ஒரு காரணம் சொன்னாள்: "மாமா, எனக்கு மண் ஆராய்ச்சிதான் புடிச்சிருக்கு. உப்பு நிலம் அங்கதான இருக்கு." அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

பையனோடு மூன்று நாள் சண்டை. அவன் போட்ட வரிசை: கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, அப்புறம் ஒரு பெரிய பேர் எடுத்த தனியார். அண்ணாமலை எட்டாவது. வாழவச்சனூர் இல்லவே இல்லை. அவன் கட்-ஆஃபுக்குக் கோயம்புத்தூர் கிடைப்பது கஷ்டம். இருந்தாலும் முதலில் போடச் சொன்னேன், கலந்தாய்வில் ஆசைப்பட்டதை மேலே போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. சண்டை அதற்குக் கீழேதான். "நீ என்ன ஆகப்போற?" என்று கேட்டேன். முதல் நாள் "தெரியல" என்றான். இரண்டாம் நாள் "கவர்ன்மென்ட் எக்ஸாம்". மூன்றாம் நாள் கடையில் உட்கார்ந்து ஒரு பண்ருட்டிக்காரர் முந்திரியைத் தாக்கும் 'தேயிலைக் கொசு' என்ற பூச்சியைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நம்ம கடையையே நல்லா நடத்தலாம், கூட மண் டெஸ்ட்டும் வச்சு" என்றான்.

அதோடு வரிசை தானாக மாறியது. கோயம்புத்தூர், திருச்சி, அண்ணாமலை சாதாரண இடம், வாழவச்சனூர், ஈச்சங்கோட்டை, மதுரை. தனியாரில் நாங்கள் நேரில் போய்ப் பண்ணையைப் பார்த்து, பிள்ளைகள் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு கல்லூரி மட்டும் கடைசியில், அதுவும் அரசு ஒதுக்கீட்டில். கோரைக் கல்லூரியைப் போடவில்லை. அண்ணாமலை கிடைத்தால் தினமும் போய்வரலாம் என்றாள் வீட்டுக்காரி. சிதம்பரம் 45 கிலோமீட்டர்தான், பஸ்ஸும் ரயிலும் உண்டு. நான் விடுதிதான் என்று சொல்லிவிட்டேன். காலை ஏழு மணிக்கு வயலில் நிற்க வேண்டிய பிள்ளை ஐந்தரைக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலுக்கு ஓடினால் பாத்தியில் நட்டது எது, பிடுங்கியது எது என்று அவனுக்கே தெரியாது.

பிரவுசிங் சென்டர்காரர் பட்டியலை லாக் செய்யும் முன் இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினார். முதல் பட்டதாரிச் சான்று இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் வீட்டில் அது எடுபடாது. நான் படித்துத் தொலைத்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் சாதிச் சான்று இன்னும் கைக்கு வராத ஒரு அம்மா, ரசீது நம்பரை வைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போன் போட்டபடி இருந்தார். அவர் பையனும் அக்ரிதான். எந்தக் காலேஜ் முதலில் போட்டீர்கள் என்று அவர் கேட்க, என் பையன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "அக்கா, மொதல்ல பண்ணையப் போய்ப் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தான்.